கீழ் மூன்றில் பதில் சொன்னவன்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். கதவோரம் இருப்பவர் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள். பயந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை. ஒரு கதை சொல்கிறேன். உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதனால் சொல்கிறேன். பயம் தானாக வரும்.

இது என் சிநேகிதியின் நாத்தனார் மகளுக்கு நடந்தது. வயர்லெஸ் வேலை பார்ப்பவள். ஊரே அவளை ரேடியோக்காரி என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மத்தியானம் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. ராத்திரிக் கதை வேண்டும் என்று முகம் சுளிக்க வேண்டாம்... பேய் ராத்திரிதான் வரும் என்பது நாமாகக் கட்டிவிட்டது. அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் தெரு. வார நாளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அன்றைக்கு ஒரு நாய்கூட இல்லை. சிக்னல் விளக்கு மட்டும் யாருக்காகவோ சிவப்பாகிறது, பச்சையாகிறது, மறுபடி சிவப்பாகிறது. அந்தத் தெருவில் இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். செருப்புச் சத்தம் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பியது. நாலு பேர் நடப்பது போல.

ஒருத்தி ரேடியோக்காரி. இன்னொருத்தி அவளோடு வேலை செய்பவள். ஒல்லி உடம்பு, குத்துகிற வாய். அதனால் குண்டூசி என்று பெயர். வயதில் மூத்தவள் ரேடியோக்காரிதான், ஆனாலும் குண்டூசி அவளை அதட்டுவாள்.

"அக்கா, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல நீ. முகத்தைப் பார்த்தா அடிக்கப் போறவ மாதிரி இருக்கு."

"அடிக்கத்தான் போறேன்."

"யாரை?"

"தெரியல. உள்ள போய்ப் பார்க்கணும்."

அவர்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை புரியும். பெரிய கட்டடம் என்றால் கம்பியும் கான்கிரீட்டும். தீயணைப்பு ஆட்கள் உள்ளே போனால் கையிலுள்ள வாக்கி-டாக்கி ஊமையாகிவிடும். அதற்காகக் கட்டடத்துக்குள்ளேயே சிக்னலைப் பெருக்குகிற பெட்டி ஒன்று வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் கேபிள் இழுத்து, கூரையில் ஆன்டெனா மாட்ட வேண்டும். கவிழ்த்துவைத்த வெள்ளைக் கிண்ணம் போல இருக்கும். இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். தளத்தின் வரைபடத்தில் இருபது கட்டம் கிழிப்பார்கள். ஒருத்தி ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் நின்று கூப்பிடுவாள். இன்னொருத்தி வாசல் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பதில் சொல்வாள். பதில் கேட்டால் கட்டத்தில் 'தெளிவு' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. சட்டத்துக்கு நடப்பவளின் தாள் ஒன்று போதும்.

ரேடியோக்காரிக்குப் போதாது. அவள் வேலையில் இரண்டு நோட்டு. கீழே ஒன்று, மேலே ஒன்று. நடப்பவள் கேட்டதை எழுதுவாள், மேலே இருப்பவளும் கேட்டதை எழுதுவாள். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். மற்ற கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பழக்கம் வந்த கதை, அன்றைக்கு அவர்கள் சோதிக்கப் போன அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கே தீப்பிடித்தது. பூமிக்குக் கீழே மூன்று தளம், அதில் கடைசித் தளத்தில். கீழ் மூன்று என்பார்கள். அப்போது அது பழைய மேஜை நாற்காலி போட்டுவைக்கும் கிடங்கு. கீழே காவல்காரர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ரேடியோக்காரியின் அண்ணன் இறங்கினான். தீயணைப்பு வேலை. ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம், அதனால் நிலையத்தில் நெட்டை என்பார்கள். கூடப் போனவரின் காற்றுச் சிலிண்டர் கசிந்தது. அவரைப் படி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, நெட்டை திரும்பவும் புகைக்குள் போனான். காவல்காரரைத் தேடி.

காவல்காரரோ... வேறு வழியாக எப்போதோ வெளியே வந்து, தெருமுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மேலே இருந்த அதிகாரி வாக்கி-டாக்கியில் மூன்று தடவை கூப்பிட்டார். ஆள் கிடைத்துவிட்டது, திரும்பி வா என்று. நெட்டை வரவில்லை. பிறகு தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். கீழ் மூன்றில் சிக்னல் இருக்கிறது என்று கட்டடத்தாரிடம் சான்றிதழ் இருந்தது. அதிகாரியின் நோட்டில் மூன்று அழைப்பும் நேரத்தோடு இருந்தன. கீழே புகைக்குள் தவழ்ந்தவனிடம் நோட்டு ஏது? ரேடியோக்காரி சண்டை போட்டாள். சான்றிதழில் கீழ் இரண்டுக்கும் கீழ் மூன்றுக்கும் சிக்னல் அளவு ஒரே எண்கள், அச்சடித்த மாதிரி, மூன்றாம் தளத்துக்கு யாருமே இறங்கவில்லை என்று கத்தினாள். சரி, நாங்களே பார்க்கிறோம் என்று விசாரணைக்காரர்கள் ஆளை அனுப்பினார்கள். அண்ணன் செத்து முப்பத்தெட்டாவது நாள். அந்த ஆள் கீழ் மூன்றில் நின்று கூப்பிட்டார்.

பதில் வந்தது. தெளிவாக.

தீர்ப்பு ஒரே வரி. கட்டளை கேட்டும் கீழ்ப்படியவில்லை. தீயணைப்பு நிலைய முற்றத்தில் ஒரு கல் உண்டு, வேலையில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் செதுக்கியது. அதில் நெட்டையின் பெயர் ஏறவில்லை. அண்ணி அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. தீக்குள் போகிற ஒவ்வொருவனும் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை வாசலில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனவன் வில்லையை அவனவன் கையால் எடுக்க வேண்டும். வேறு யாரும் எடுக்கக் கூடாது. அன்றைக்குப் பலகையில் ஒன்று மிஞ்சியது. அதை அண்ணியிடம் கொடுத்தார்கள். அவள் வீட்டு வாசல் பக்கம் ஆணி அடித்து மாட்டினாள். துடைப்பதுகூடக் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

சரி. ஞாயிறு மத்தியானத்துக்கு வருவோம். நாலு வருஷம் காத்திருந்து, இந்தக் கட்டடத்தைச் சோதிக்கும் முறை ரேடியோக்காரியின் கம்பெனிக்கு வந்திருந்தது. அவள் யாருடைய தங்கை என்று அங்கே இப்போது வேலை பார்ப்பவர் எவருக்கும் தெரியாது.

வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, வாசனை, பல் முழுக்கச் சிரிப்பு.

"வாங்க மேடம். நாளைக்குக் கீழ் மூணுல திறப்பு விழா. குழந்தைங்க விளையாட்டரங்கம். நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியம்."

"கீழ் மூணுலயா? குழந்தைங்களா?"

"ஏங்க, ஏசி எல்லாம் போட்டிருக்கோம்."

ரேடியோக்காரி அவரைத் தாண்டி உள்ளே நடந்தாள். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். குண்டூசி கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

மேல் தளங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கீழ் ஒன்று, சரி. கீழ் இரண்டு, சரி. மூன்றரை மணிக்கு அவள் கடைசிப் படிக்கட்டில் இறங்கினாள். தீத்தடுப்புக் கதவைத் தள்ளினாள். கனமான இரும்புக் கதவு. அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. டொப்.

அங்கே மத்தியானம் இல்லை. மத்தியானத்துக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. விளக்குகள் எரிந்தன. சுவரில் சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கி, சிரிக்கிற யானை. நடுவில் பெரிய தொட்டி, இடுப்பளவு ஆழம், முழுக்க வண்ணப் பந்துகள். புதுப் பெயின்ட் வாசனை மூக்கை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை... நனைந்த சாம்பல். மழையில் அணைந்த குப்பைமேடு மாதிரி.

முதல் கட்டம், கதவோரம். "சோதனை. கீழ் மூணு. கட்டம் ஒண்ணு. கேக்குதா?"

"...க்கா... சொல்... குதா..." குண்டூசியின் குரல் துண்டு துண்டாக வந்தது.

இரண்டாம் கட்டம். கூப்பிட்டாள். வெறும் இரைச்சல். அவர்கள் வழக்கம், பத்து எண்ணும் வரை காத்திருப்பது. எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது...

கிளிக்.

யாரோ பொத்தானை அழுத்துகிற சத்தம். உடனே பேச்சில்லை. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நேரம் விட்டு...

"கேக்குது. சொல்லு."

ஆண் குரல். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அத்தனை சுத்தம்.

ரேடியோக்காரியின் பேனா கீழே விழுந்து உருண்டது. பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டுத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் எழுத்து அறுந்துபோகும். அவளுக்குப் பத்து வயதில், பொம்மை வாக்கி-டாக்கியை வைத்துக்கொண்டு அண்ணன் சொல்லிக்கொடுத்தது அது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவன். பக்கத்து வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டால்கூட, "கேக்குது, சொல்லுங்க" என்று இவன் எட்டிப் பார்ப்பான். அதற்காக அப்பாவிடம் அடியும் வாங்கியிருக்கிறான்.

அவள் பேனாவை எடுத்தாள். தொழில் தொழில்தான். கேட்டதை எழுத வேண்டும். எழுதினாள். கட்டம் இரண்டு, தெளிவு.

மூன்றாம் கட்டம். கிளிக். மூச்சு. கேக்குது, சொல்லு. நாலு. ஐந்து. பந்துத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் அதே குரல். சலிக்காமல். அவசரப்படாமல். யாரோ ஏதோ சொல்லப் போகிறார்கள் என்று காத்திருக்கிறவனின் குரல்.

இருபது கட்டம் முடிந்தது. மேலே வந்தாள். படி ஏறியது அவளுக்கே தெரியாது.

குண்டூசி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். "என்னக்கா, கீழ போய்த் தூங்கிட்டியா? ஒண்ணாம் கட்டத்துல கரகரன்னு ஏதோ வந்துச்சு. அப்புறம் பொட்டுச் சத்தமில்ல. இருபது நிமிஷமா உக்காந்து ஈ ஓட்டறேன்."

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கீழே எழுதியதில், கட்டம் இரண்டிலிருந்து இருபது வரை: தெளிவு, தெளிவு, தெளிவு. மேலே எழுதியதில், இரண்டிலிருந்து இருபது வரை: அழைப்பு வரவில்லை. அழைப்பு வரவில்லை.

குண்டூசி பத்தொன்பது வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

பின்னாலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். கீழ் நோட்டைத்தான் பார்த்தார். "அப்பாடா. எல்லாம் தெளிவு. கையெழுத்துப் போட்டுடுங்க."

அப்போதுதான் ரேடியோக்காரிக்கு எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. முப்பத்தெட்டாவது நாள் விசாரணைக்காரர்கள் அனுப்பிய ஆள் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் சோதித்தவர்களுக்கும் வந்திருக்கிறது. அவன் மேல் பழி விழக் காரணமான பதிலை... அவனே சொல்லியிருக்கிறான். செத்த பிறகும் வேலை பார்த்திருக்கிறான் பாவி. அவனைக் கொன்றவர்களுக்காக.

பயம் என்று ஒன்று இருந்ததே, அது அந்த இடத்திலேயே கருகிப்போயிற்று. மிஞ்சியது கோபம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை.

"ஏணி இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு மேடம்?"

"கூரையைப் பார்க்கணும். நீங்களும் வாங்க. சாட்சிக்கு ஆள் வேணும்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஏணியோடு கூட வந்தார். கீழ் மூன்று. கதவு மூடியது. டொப். அவள் ஏணியை விரித்து, முதல் வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துத் திருகினாள். திருக வேண்டியதே இல்லை. பிய்ந்து கையோடு வந்தது. பின்னால் பசை. பசைக்குப் பின்னால் பெயின்ட் அடித்த சிமெண்டு. துளை இல்லை. கேபிள் இல்லை. உள்ளே ஆன்டெனா என்று ஒரு கம்பித் துண்டுகூட இல்லை. வெறும் பிளாஸ்டிக் மூடி.

இரண்டாவது. பசை. மூன்றாவது. பசை. ஆறும் அப்படித்தான்.

பாருங்கள், கண்ணுகளா. முதல் தடவை ஏமாற்றினார்கள், ஒருவன் செத்தான். அதற்குப் பிறகு சுவரை இடித்துக் கட்டினார்கள், புதுப் பெயின்ட் அடித்தார்கள், யானை வரைந்தார்கள். கூரைக்கு வந்தபோது திரும்பவும் வெறும் மூடியைப் பசை தடவி ஒட்டினார்கள். அதே இடத்தில். அவன் விழுந்த இடத்துக்கு நேர் மேலே. எந்தக் கை ஒட்டியிருக்கும் அதை? அந்தக் கை சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்திருக்குமே.

"அது டிசைனுக்கு வெச்சது மேடம்" என்றார் மேனேஜர்.

"டிசைனுக்கு."

"மேல் தளத்து சிக்னலே இங்க போதுமானதா இருக்கு. நீங்கதானே எழுதினீங்க, எல்லாம் தெளிவுன்னு? கேட்டுச்சா இல்லையாங்கறதுதான் உங்க வேலை. கூரை உங்க வேலை இல்ல." அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கியை வாங்கி, பொத்தானை அழுத்தினார். "ஹலோ, கேக்குதா?"

கிளிக். ஒரு மூச்சு.

"கேக்குது. சொல்லு."

"பாருங்க" என்று மேனேஜர் சிரித்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு."

ரேடியோக்காரி அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அழுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மூச்சு.

"வாயை மூடுடா நெட்டை."

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அறிவிருக்காடா உனக்கு? யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லிடுவியா? கூப்பிடறது யாருன்னு பார்க்க மாட்டியா? நீ ஒவ்வொரு தடவை கேக்குது கேக்குதுன்னு சொல்லும்போதும் இவங்க ஒரு தாள்ல கையெழுத்து வாங்கறாங்க. உனக்குக் கேட்டுச்சாம். கேட்டும் வரலையாம். உன் பேரைக் கல்லுல போடல. அண்ணி தலைகுனிஞ்சு நடக்கறா. நாளைக்கு இங்க குழந்தைங்க வரப்போகுதுங்க. அதுங்க மேல புகை வந்தா, உன்னை மாதிரி எவனாவது இறங்குவான். அவனுக்கும் கேக்காது. அப்பவும் நீ இவங்களுக்காகக் கேக்குதுன்னு சொல்லுவியா?"

பொத்தானை விட்டாள். இரைச்சல். வெறும் இரைச்சல். பத்து எண்ணும் நேரம் போயிற்று, இருபது போயிற்று. அவன் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவன் அங்கேதான் நிற்கிறான், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி. யாரோ ஏதோ சொல்வார்கள் என்று நாலு வருஷமாக நிற்கிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை யாருமே சொல்லவில்லை. மேலே கத்தினார்கள், கீழே வந்து சேரவில்லை.

மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை கத்தவில்லை. அன்றைக்கு அதிகாரி சொன்ன வார்த்தைகள் விசாரணைத் தாளில் இருந்தன. அவளுக்கு மனப்பாடம். அதையே சொன்னாள்.

"கீழ் மூணுல இருக்கறவருக்கு. ஆள் கிடைச்சாச்சு. தேட வேண்டாம். திரும்பி வா."

இரைச்சல் நின்றது. இரைச்சல்கூட இல்லாத அமைதி அது, காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி.

கிளிக்.

மூச்சு.

"இப்பத்தான் கேக்குது" என்றது குரல். "வர்றேன்."

பந்துத் தொட்டியின் அந்த மூலையில் ஒரு பந்து நகர்ந்தது. பிறகு பத்து. பிறகு... பந்துகள் இரண்டு பக்கமும் விலகின. சரசர, சரசர. இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நடந்து வருவது போல ஒரு பாதை. நேராக, அவசரமில்லாமல், அவர்களை நோக்கி. பாதைக்கு மேலே ஒன்றுமில்லை. தொட்டியின் விளிம்பு கிறீச்சிட்டது. நனைந்த சாம்பல் வாசனை முகத்தில் அறைந்தது. ஏதோ சூடாக, கனமாக, அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் அவள் உச்சந்தலையில் ஒரு தட்டு. சின்ன வயதில் தட்டுவது போல.

இரும்புக் கதவு திறந்தது. மூடியது. டொப்.

மேனேஜர் சுவரோடு ஒட்டி நின்றார். ஒட்டகச்சிவிங்கியின் கால்களுக்கு நடுவில். பிறகு கதவுக்கு ஓடினார். இழுத்தார். கதவு அசையவில்லை. தோளால் இடித்தார். கைப்பேசியை எடுத்தார், அதில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

ரேடியோக்காரி வாக்கி-டாக்கியை நீட்டினாள். "கூப்பிடுங்க. கண்ணாடி மாதிரி கேக்குமே."

"ஹலோ... ஹலோ, கேக்குதா? கதவு சிக்கிக்கிச்சு. யாராவது இருக்கீங்களா?"

இரைச்சல்.

"அம்மா... மேல இருக்கற அம்மா... வாட்ச்மேன்... யாராவது..."

இரைச்சல். அவர் குரல் கிழிந்தது. ஒவ்வொரு கட்டமாக ஓடினார், கூரையைப் பார்த்துக்கொண்டு கத்தினார். கூரையில் ஆறு பசைத் தழும்பு.

"இன்னும் கத்துங்க" என்றாள் ரேடியோக்காரி. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். "எங்க அண்ணனும் இப்படித்தான் கத்தியிருப்பான். அவனுக்கு வெளிச்சம் கிடையாது. மூச்சும் கிடையாது."

மேனேஜர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் யாரென்று அப்போதுதான் தெரிந்தது. சட்டை வாசனை போயிருந்தது, வேர்வை நாறியது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "நான் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஒட்டினது நான் இல்ல."

"பிய்ஞ்சு வந்தப்புறமும் டிசைன்னு சொன்னது நீங்க."

மேனேஜர் மறுபடி கதவிடம் போய் இடித்தார்.

பதினோரு நிமிஷம். பிறகு கதவு திறந்தது. குண்டூசி, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் நோட்டோடு.

"யாருக்கா அந்த ஆளு? வாக்கி-டாக்கில வந்தானே?"

"எந்த ஆளு?"

"ஆம்பளைக் குரல். வாசல்ல நின்னு பேசற மாதிரி இருந்துச்சு, எட்டிப் பார்த்தா யாரும் இல்ல." நோட்டைத் திறந்து காட்டினாள். குண்டூசியின் கோழிக்கிறுக்கல் எழுத்து, நேரத்தோடு.

நாலு இருபத்திரண்டு. ஆள் ஒண்ணு வெளியே. இன்னும் ரெண்டு பேர் கீழ் மூணுல இருக்காங்க, கதவு சிக்கியிருக்கு. போய்த் திறங்க.

தீயணைப்பு ஆள் வெளியே வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். உள்ளே இன்னும் எத்தனை பேர், எங்கே. அவன் மறக்கவில்லை. தன்னை மூடி போட்டு மறைத்தவர்களின் ஆளையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறான்.

அன்றைக்கே திரும்பச் சோதித்தார்கள். கீழ் மூன்றில் கட்டம் இரண்டிலிருந்து இருபது வரை மயான அமைதி. கட்டடத்தின் வாசலில், கீழ் மூன்றைத் திறக்கக் கூடாது என்று சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது. சாட்சிக் கையெழுத்து மேனேஜருடையது, எறும்பு ஊர்ந்த மாதிரி. திறப்பு விழா நடக்கவில்லை.

ரேடியோக்காரி எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. இரண்டு நோட்டையும் ஆறு மூடியையும் அப்படியே கொண்டுபோய் விசாரணைக்காரர்கள் மேஜையில் கொட்டினாள். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாராம், "முதல் தடவை தெளிவுன்னு எழுதியிருக்கியேம்மா, யார் பதில் சொன்னது?"

"கேட்டுச்சா இல்லையான்னுதான் எழுதச் சொல்லியிருக்கு. யாருன்னு எழுத உங்க தாள்ல கட்டம் இல்லீங்க" என்றாள்.

கேபிள் கீழ் இரண்டோடு நின்றிருந்தது, நுனியில் கறுப்பு டேப் சுற்றி. பழைய தீர்ப்பை மாற்றினார்கள். எட்டு மாதம் இழுத்தடித்து மாற்றினார்கள். முற்றத்துக் கல்லில் நெட்டையின் பெயர் ஏறியது. மேனேஜருக்கு வேலை போயிற்று. மூடி வாங்கச் சொன்னவன், கேபிளை நிறுத்தச் சொன்னவன், கீழே இறங்காமலேயே எண்களை எழுதினவன்... அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை, எந்தக் குற்றப்பத்திரிகையிலும் ஏறவில்லை. இன்றைக்கும் எங்கோ கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு முதுகு சில்லிட வேண்டுமென்றால், அதை நினைத்துச் சில்லிடட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ரேடியோக்காரி நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அண்ணி வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா எடுத்தே?" என்றாள் அண்ணி.

"எதை அண்ணி?"

ஆணியில் வில்லை இல்லை. நாலு வருஷம் தொங்கிய இடத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது. வீட்டுக்குள் வேறு யாரும் வரவில்லை. நாலரை மணி வரை இருந்ததாம், அண்ணி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பிறகு படியில் கனமான பூட்ஸ் சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

ரேடியோக்காரி விரலை நீட்டி அந்த ஆணியைத் தொட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஆணி சுட்டது.

அவ்வளவுதான், கண்ணுகளா. விரல் நுனியில் அந்தக் கொப்புளத் தழும்பு இன்னும் இருக்கிறது. என் சிநேகிதி காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். போய்ப் படுங்கள். விளக்கு வேண்டுமென்றால் எரியட்டும், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் கூப்பிட்டால் கேட்கிற இடத்திலேயே இருக்கட்டும். அவரவர் மாட்டிவிட்டுப் போனதை அவரவர் கையால், உயிரோடு வந்து எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் வாசல் ஆணி ஒன்றுகூடச் சுடாமல், குளிர்ந்தே கிடக்கட்டும்.